அரை கிளட்ச்

ஐம்பதுக்கு இரண்டு குறைச்சல் எனக்கு.
விண்ணப்பத்தில் பெயருக்கு விட்டிருந்த கட்டங்களில்
அமலோற்பவம் எப்படியோ அடங்கினாள்,
அப்பன் பெயர் ஓரத்துக்கு வெளியே தொங்கிற்று.
கந்தோரில் இருந்த நோனா நிமிர்ந்து பார்த்தார்:
மகனுக்கா?
இல்லை. எனக்கு.

லயத்தில் எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.
ஹயர் ஓடப்போறாளாம்.
அப்புத்தளை டவுனில் கடை பார்த்திருக்கிறாளாம்.
கட்டாரில் இருக்கிற மகள் வண்டி வாங்கிக் கொடுக்கிறாளாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சந்தைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஓட்டோவின் பின்சீட்டில், மடியில் லீக்ஸ் கட்டோடு,
ஓட்டுகிறவனின் இடது கையை
முதன்முதலாகப் பார்த்தேன்.
அது என்னவோ செய்துகொண்டேயிருந்தது.
என்ன என்று தெரியவேண்டும்.
அவ்வளவுதான்.

பிள்ளைக்காம்பராவைப் பூட்டும்போது நாலரை.
இந்திக வருவான், இருபத்திமூன்று வயது.
அவன் தமிழும் என் சிங்களமும்
பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும்.
மாதா கெபிக்கு மேலே, முடக்கில்,
பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு
இறங்கி நின்று பிஸ்கட் தின்பான்.
பள்ளத்திலிருந்து பனி ஏறி
முதலில் சவுக்கு மரத்தை எடுக்கும், பிறகு ரோட்டை,
பிறகு அவனை.
பிஸ்கட் நொறுங்கும் திசையிலிருந்து குரல் வரும்:
அக்கா, பாக்க வேணாம். கேளுங்க.

விரலை விடு. மெதுவாக. இன்னும்.
காலை எடுக்காதே.
ஓர் இடம் இருக்கிறது,
வண்டி ஏறவும் இல்லை, சறுக்கவும் இல்லை,
எஞ்சின் குரலைத் தாழ்த்தி
உள்ளங்கைக்குள் வந்து நடுங்குகிற இடம்.
சீட்டுக்காசு, அரிசி, மகளிடமிருந்து வராத கோல்
எதையும் அங்கே கூட்டிப்போக முடியாது.
நினைத்தால் நின்றுபோகும்.
நினைத்தேன்.
கல் தாங்கிக்கொண்டது.

சமதரை என்று நம்பியிருந்த பெரட்டுக்களம்
ஸ்டோர் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.
இத்தனை வருசம் அதில் நின்ற காலுக்குத் தெரியாதது
மூன்று சக்கரத்துக்குத் தெரிந்தது.

பதுளையில் முதல் ட்ரையல், தோற்றுப்போனேன்.
பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரிக்கவில்லை.
அதுதான் கூடச் சுட்டது.

மறுநாள் காம்பராவில்
பதினொரு மாதத்து யதுஷன்
தொட்டில் கம்பியைப் பிடித்து எழும்பினான்.
விழுந்தான்.
பகல் சோற்றுக்குள் பத்தொன்பது தரம்.
ஒருதரமும்
யார் பார்த்தார்கள் என்று திரும்பவில்லை.
இருபத்தாறு வருசமாக இந்தப் பிள்ளைகளை
எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்,
காலையில் தலைகளை, மாலையில் தலைகளை.
விழுகிறதை எண்ணியது அன்றுதான்.

இன்னும் லைசன் வரவில்லை.
அடுத்த ட்ரையல் பதிமூன்றாம் தேதி.

ஆனால் நேற்று ராத்திரி
தகரத்தில் மழை விட்ட பிறகு
கீழ் ரோட்டில் தேயிலை லொறி ஒன்று ஏறியது.
கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து
அது எனக்கு வெறும் இரைச்சல்,
தூக்கத்தின் மேல் ஓடிப்போவது.
நேற்றுக் கேட்டது.
கெபி முடக்கில் அவன் இரண்டாவதுக்கு இறக்கினான்,
கொஞ்சம் பிந்தி.
எஞ்சின் இருமி, அடங்கி, பிடித்துக்கொண்டது.
போர்வைக்குள் என் இடது கை
தானாக மடங்கி விரிந்தது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.
செபமாலை முழித்துக்கொண்டு
என்ன, என்றார்.
இரண்டாம் கியர், என்றேன்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மேலே இன்னும் ஒரு முடக்கு இருக்கிறது.
மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு
கேட்டேன்.